இரண்டாம் குளத்துச் சாம்பிள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஜெரால்டின் போன் வந்தபோது செண்பகம் கரையில் நின்று காக்கையைத் திட்டிக்கொண்டிருந்தாள். சும்மா திட்டவில்லை, அதன் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினாள். திட்டாமல் என்ன செய்வாள்? பக்கத்துப் பண்ணையில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து இறால் செத்து மிதக்கிறது. அந்தச் செத்த இறாலில் ஒன்றைக் காக்கை தூக்கிவந்து இவள் குளத்தில் நழுவவிட்டால் போதும், மூன்று நாளில் குளத்து இறால் மொத்தமும் ஓட்டில் வெள்ளை விழுந்து கரை ஒதுங்கிவிடும். குளத்துக்கு மேலே வலை கட்டித்தான் இருக்கிறது. ஆனாலும் வலையில் எங்கே ஓட்டை என்று கட்டினவளைவிடக் காக்கைக்கு நன்றாகத் தெரியும்.

“அக்கா, அண்ணன் பக்கத்துல இருக்காகளா?” என்றான் ஜெரால்டு.

“ஏன், எனக்குக் காது இல்லையா? விஷயத்தைச் சொல்லு.”

“ரெண்டாம் குளத்துச் சாம்பிள் பெயிலாயிட்டு.”

செண்பகத்துக்கு முதலில் புரியவில்லை. பெயில் என்கிற சொல்லை அவள் பண்ணையோடு சேர்த்து யாரும் சொன்னதில்லை.

“என்னத்துல பெயிலு?”

“குளோராம்ஃபெனிகால். ரெண்டு தடவை பாத்துட்டாங்க. இருக்குன்னே வருது.”

ஜெரால்டு ஆலந்தலைக்காரன். தூத்துக்குடியில் இறாலை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியின் ஆள். அறுவடைக்கு முன்னால் ஒவ்வொரு குளத்திலும் சாம்பிள் எடுத்து, ஐஸில் வைத்து, லேபுக்குக் கொண்டுபோவது அவன் வேலை. இறாலில் மருந்து இல்லை என்று லேப் சொன்னால்தான் கம்பெனி வாங்கும். இந்தக் குளோராம்ஃபெனிகால் இருக்கிறதே, அது சின்ன சமாச்சாரம் இல்லை. தின்கிற மனுஷனுக்கு ரத்தத்தையே கெடுத்துவிடும் என்று தடை செய்த மருந்து. ஊசிமுனை அளவு இருந்தாலும் மிஷினில் தெரிந்துவிடும். நோய் வந்த குளத்தில் திருட்டுத்தனமாக இதைப் போடுகிறவர்கள் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் செண்பகம் போடுகிறவள் இல்லை. தீவனக் கொட்டகைச் சுவரில், தடை செய்த இருபது மருந்தின் பெயரையும் சிவப்புப் பெயிண்டில் தன் கையாலேயே தமிழில் எழுதி வைத்திருந்தாள். முதல் வரியே அதுதான். வேலைக்குப் புதிதாக வருகிறவன் அந்த இருபதையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தால்தான் மதியச் சாப்பாடு.

“இன்னொரு சாம்பிள் எடு தம்பி.”

“கேட்டுட்டேன்க்கா. யாரு போட்டது, எப்படி வந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் ரெண்டாவது சாம்பிளாம். நாளைக்குக் காலையில வாரேன். அதுக்குள்ள கண்டுபிடிச்சு வையுங்க. மாதாவே, உங்க பண்ணையிலயா இப்படின்னு எனக்கே நம்ப முடியல.”

போனை வைத்துவிட்டு அவள் குளத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். மூன்று குளத்தில் ஒன்றாம் குளம் மாசியிலேயே அறுவடையாகிவிட்டது. மூன்றாம் குளத்தில் இருப்பது குஞ்சு. இரண்டாம் குளம்தான் எல்லாம். நூற்றுப் பத்து நாள் வளர்த்த இறால், தீவனம் வைத்து இறக்கிய தட்டை வெளியே தூக்கினால் துள்ளி மூஞ்சியில் அடிக்கிறது. வெள்ளிக்கிழமை விடியலில் வலை இழுக்க ஏற்பாடு. அதற்குள் இரண்டாவது சாம்பிள் எடுத்து, அது சுத்தம் என்று வந்தாக வேண்டும். வராவிட்டால் கம்பெனி எடுக்காது, பெயிலான குளம் என்று தெரிந்தால் கரையோரத்தில் வேறு எவனும் எடுக்கமாட்டான். எடுக்கிறவன் வரும்வரை குளத்திலேயே வைத்திருக்கலாம் என்றால் அந்தப் பக்கம் வெள்ளைப்புள்ளி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

“தெரியாமக் கொள்ளாம நடந்திருக்கும்ளா,” என்றான் வேல்ராஜ். அவள் புருஷன். மளிகைக்கடைக் குடும்பத்தில் பிறந்தவன், யாரையும் பகைத்துக்கொள்ளாமல் வியாபாரம் பண்ணிப் பழகியவன்.

“தெரியாம நடக்குறதுக்கு இதென்ன மழையா? எவனோ போட்டிருக்கான். எவன்னு நான் பாக்கேன்.”

பார்த்தாள். தீவன மூட்டை ஒவ்வொன்றையும் பிரித்து மோந்தாள். தாது உப்பு, சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், தீவனத்தில் பிசையும் வெல்லம், புரோபயாடிக் டப்பா எல்லாவற்றையும் முற்றத்தில் கொட்டிக் கவிழ்த்தாள். தீவனக் கடை அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். அவர், “ஏளா செண்பகம், எல்லாம் சீல் வச்ச மூட்டை. சந்தேகம்னா நீயே டெஸ்டுக்கு அனுப்பு, நான் வேண்டாங்கல,” என்று வைத்துவிட்டார். மூட்டையில் தப்பு இல்லை என்றால் கையில்தான் தப்பு. அந்தக் குளத்துத் தீவனத்தைத் தொடும் கை இரண்டு பேருடையதுதான். தன்னைக் கழித்தால் மிச்சம் சிவனாண்டி.

சிவனாண்டி கொற்கைக்காரன். ஆறு வருஷமாகத் தினமும் விடியலில் ஒரு பழைய மொபெட்டில் வந்து இறங்குகிறவன். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே இன்றைக்கு இறால் தீவனம் எடுக்குமா எடுக்காதா என்று சொல்லிவிடுவான். அவனா? செண்பகத்துக்கு மனசு கேட்கவில்லை. சுண்ணாம்பும் பிளீச்சிங்கும் அரித்து அவன் விரலெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தபோது, தன் கைக்குப் போட்டுக்கொள்ளும் கண்ணு மாத்திரையைக் கிள்ளிப் பிதுக்கி, அவன் விரலிடுக்கில் தானே தடவிவிட்டவள் அவள். போன கண்வலிக் காலத்தில் மெடிக்கலில் வாங்கியது. சின்ன டப்பா நிறைய உருண்டை உருண்டையாக இருக்கும், உள்ளே வழுவழுவென்று களிம்பு. கண்ணுக்கு வாங்கியது கைவெடிப்புக்கும் கேட்டதால், கொட்டகை ஜன்னலில் எப்போதும் ஒரு டப்பா வைத்திருப்பாள். இப்படியெல்லாம் பார்த்துக்கொண்டவளுக்கா இவன் துரோகம் பண்ணுவான் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டு அவனைத் தேடினால் ஆளைக் காணோம். மொபெட்டையும் காணோம்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“எங்கலே போன? சொல்லாமக் கொள்ளாம?”

“பழையகாயலுக்குக்கா.”

“அங்கன என்ன சோலி?”

சிவனாண்டி சுற்றிலும் பார்த்தான். வேல்ராஜ் நின்றான், வலைக்காரர் இரண்டு பேர் நின்றார்கள், பக்கத்துப் பண்ணை ஜகந்நாதன் சார் நின்றார். அவர் பெருமாள் கோயில் ஊர்க்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். இறாலை வாயில் வைக்காதவர், இறால் வளர்க்கிறார். செத்த இறாலைப் புதைக்கச் சுண்ணாம்பு கடன் கேட்டு வந்தவர், சண்டையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“அக்கா, கொஞ்சம் தனியா வாங்க. சொல்லுதேன்.”

“தனியா என்னலே தனியா? எல்லாரும் கேக்கட்டும். என்ன சோலி?”

“மெடிக்கலுக்குப் போனேன்.”

மெடிக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் செண்பகத்துக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. மனுஷனுக்கு விற்கிற மாத்திரையை மெடிக்கலில் வாங்கி, பொடித்து, தீவனத்தில் பிசைவதுதானே இந்தத் திருட்டுவேலை செய்கிறவர்கள் வழி. பக்கத்துக் குளத்தில் நோய் வந்ததும் பயந்துபோய் இவன் போட்டிருக்கிறான். இப்போது மாட்டிக்கொண்டதும் மெடிக்கல்காரன் வாயை அடைக்க ஓடியிருக்கிறான். இப்படியே அவள் மனசு கணக்குப் போட்டது. கணக்கு நேராக வந்ததால் அதுதான் உண்மை என்று நினைத்துவிட்டாள். கோபத்தில் இருக்கிறவர்களுக்குக் கணக்கு எப்போதும் நேராகத்தான் வரும்.

“மடியில கனமில்லன்னா வழியில பயம் என்ன? வா இங்கன!”

கரையின் ஈசான மூலையில் சுடலைமாடனுக்கு ஒரு பீடம் உண்டு. அவ்வளவு பெரிய சாமிக்கு முழங்கால் உயரம்தான் பீடம். குஞ்சு விடும்போதும் அறுவடைக்கு முன்னாலும் அங்கே சூடம் காட்டாமல் இந்தப் பண்ணையில் எந்த வேலையும் நடக்காது. செண்பகம் பீடத்தில் ஒரு கட்டி சூடத்தை வைத்துக் கொளுத்தினாள்.

“அந்த மருந்து எங் கையால இந்தப் பண்ணையில படலன்னு சொல்லி அணைச்சிரு. அணைச்சிட்டன்னா உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.”

அந்த ஊர்ப் பக்கங்களில், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் போலீஸும் கேட்காது, பொண்டாட்டியும் கேட்கமாட்டாள். பொய்ச் சத்தியம் பண்ணினவனைச் சுடலை பார்த்துக்கொள்வான்.

சிவனாண்டி சூடத்தைப் பார்த்தான். ஒரு கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டிருந்தது. சத்தியத்துக்குப் பயந்து நெஞ்சைப் பிடிக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“நான் அணைக்க மாட்டேன்க்கா,” என்றான் மெதுவாக.

“கேட்டீங்களா சார்? கேட்டுக்கிட்டீங்களா?” என்று செண்பகம் ஜகந்நாதன் சாரைப் பார்த்துக் கத்தினாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “எம் புள்ளையள மாதிரிதானலே வச்சிருந்தேன்! போ. இனிமே இந்தக் கரையில உன் காலு படக் கூடாது.”

சூடம் தானாக எரிந்து அணையும்வரை நின்றான் சிவனாண்டி. பிறகு கொட்டகைக்குள் போய், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, மொபெட்டை உருட்டிக்கொண்டே போனான். கிளப்பக்கூட இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜெரால்டு ஐஸ் பெட்டியும் ஒரு காகிதமுமாக வந்து சேர்ந்தான். வரும்போதே, “கண்டுபிடிச்சிட்டீங்களாம்லா. அண்ணன் போன்ல சொன்னாக. நல்லதாப் போச்சு,” என்றான். காகிதத்தை அவனே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தான். வேல்ராஜ் அதை வாங்கி மெல்ல வாசித்தான். கொற்கையைச் சேர்ந்த சிவனாண்டி என்கிற தொழிலாளி பண்ணை உரிமையாளருக்குத் தெரியாமல் தடை செய்யப்பட்ட மருந்தைப் பயன்படுத்தினார், அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்று இருந்தது. பண்ணை செண்பகத்தின் பேரில் பதிவாகியிருந்ததால் கையெழுத்து அவளுடையது.

“இந்தப் பேரு எங்கெல்லாம் போகும் தம்பி?” என்று கேட்டாள்.

“கம்பெனிக்குப் போகும். கம்பெனி எல்லாப் பண்ணைக்கும் அனுப்பும். வேம்பார்ல இருந்து பெரியதாழை வரைக்கும் இனிமே எவனும் அவனைக் கொட்டகைக்குள்ள விட மாட்டான்.”

“விடக் கூடாது,” என்றாள் செண்பகம். ஆனால் சொன்ன வேகத்தில் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. ஆள்காட்டி விரல் வெடிப்பில் பேனா குத்தியது. இரு, கைக்கு மருந்தைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கொட்டகைக்குள் போனாள்.

ஜன்னலில் டப்பா எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. ஆனால் யாரோ அதை ஒரு கேரி பேக்கில் போட்டு முடிச்சு முடிச்சாகக் கட்டியிருந்தார்கள். எவன் பண்ணின கோட்டி வேலை என்று முனகிக்கொண்டே பல்லால் கடித்து அவிழ்த்தாள். டப்பாவில் ஒட்டியிருந்த லேபிளில், எறும்பு ஊர்கிற மாதிரிப் பொடி இங்கிலீஷ் எழுத்தைச் சுற்றி நீல மையால் ஒரு வட்டம் போட்டிருந்தது. நேற்று முன்தினம் அந்த வட்டம் இல்லை.

அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. போனில் படம் பிடித்து, திருநெல்வேலியில் நர்சிங் படிக்கும் மகள் பானுப்ரியாவுக்கு அனுப்பினாள். அடுத்த நிமிஷம் மகளே கூப்பிட்டாள்.

“கண்ணுல போடுற மருந்தும்மா. மறுபடி கண்வலியா?”

“அந்த வட்டத்துக்குள்ள என்ன பேரு போட்டிருக்கு? அதச் சொல்லு மொதல்ல.”

“குளோராம்ஃபெனிகால்.”

செண்பகம் சுவரைப் பார்த்தாள். சிவப்புப் பெயிண்டில் முதல் வரி. அதற்கு நேர் கீழே ஜன்னல், ஜன்னலில் இந்த டப்பா. ஒன்றரை வருஷமாக ஒரு முழத் தூரத்தில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன.

“யம்மா? இருக்கியா? கண்ணு ரொம்ப வலிக்கா?”

“இல்லளா. கையிலதான் போடுதேன்.”

“இதப் போயி எதுக்கு கையில போடுத?”

போனை வைத்தாள். சனிக்கிழமை காலை கண்முன்னால் வந்து நின்றது. ஜெரால்டு கையுறையை மாட்டிக்கொண்டு சாம்பிள் எடுக்க வந்தான். இவள்தான் விடவில்லை. “என் குளத்து இறால நீ தொடாத. நான் எடுத்துத் தாரேன்,” என்று வீச்சு வலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் மகளை நிறுத்துகிற மாதிரி, ஒவ்வொரு இறாலையும் விரலால் வழித்து, மீசையை நீவி, பளபளவென்று ஐஸில் அடுக்கினாள். அதற்குச் சற்று முன்னால்தான் விரலில் களிம்பு தடவியிருந்தாள். விரலின் பிசுபிசுப்பில் ஒரு இறால் நழுவி விழுந்ததும், ஜெரால்டு சிரித்ததும்கூட ஞாபகம் வந்தது.

சிவனாண்டி மெடிக்கலுக்குப் போனது இதற்குத்தான். மூட்டையை மோந்து மோந்து அவள் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, அவன் ஒருத்தன்தான் போய், இந்தப் பேர் எந்த மருந்தில் இருக்கும் என்று கேட்டிருக்கிறான். டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தனியாக வரச் சொன்னான். தனியாக என்னலே தனியாக என்று கேட்டாளே பாவி. போகும்போதுகூட வேறு யாரும் தொட்டுவிடாமல் முடிச்சுப் போட்டு வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

“அக்கா, ஐஸ் உருகுது!” வெளியே ஜெரால்டின் குரல். “கையெழுத்தைப் போட்டீங்கன்னா சாம்பிள எடுத்துட்டுப் போயிருவேன்.”

செண்பகம் டப்பாவை முந்தானைக்குள் வைத்துப் பொத்தினாள். அவளை நல்லவள் என்று சொல்லி ஏமாற்ற வேண்டாம், அந்த நேரத்தில் அவளுக்கு என்னவெல்லாம் தோன்றியதோ அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். யாருக்கும் தெரியாது. மகளுக்குத் தெரியும், ஆனால் மகளுக்கு இறால் விஷயம் தெரியாது. கையெழுத்துப் போட்டால் சாம்பிள் போகும். இந்தத் தடவை ஜெரால்டு கையுறையோடு எடுப்பான், அநேகமாகச் சுத்தம் என்றே வரும். வெள்ளிக்கிழமை வலை விழும். சிவனாண்டிக்கு வேறு வேலையா இல்லை, வாழைத்தோட்டத்துக்குப் போகலாம், உப்பளத்துக்குப் போகலாம். அவன்தான் வாயைத் திறக்கவில்லையே, இனியுமா திறக்கப் போகிறான்? இப்படி எண்ணி, இரண்டு எட்டு வாசல் பக்கம் வைத்தும்விட்டாள்.

அங்கேதான் நின்றாள். அவன் இனியும் திறக்கமாட்டான். அந்த நினைப்புத்தான் அவளைப் போகவிடாமல் பிடித்தது. சூடத்தை அணைத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். தன் கையிலும் அந்தக் களிம்பு பட்டிருக்கிறதே, படவில்லை என்று எப்படி அணைப்பது என்று நின்றிருக்கிறான். தடவிவிட்டது யார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் பிழைத்திருப்பான். நாலு பேர் முன்னால் அதையும் சொல்லவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

வெளியே வந்தாள். டைப் அடித்த காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் தமிழில் எழுதினாள். மருந்து சிவனாண்டி போடவில்லை. கண்ணுக்குப் போடும் களிம்பைக் கைவெடிப்புக்கு நான் போட்டேன், என் ஆட்களுக்கும் நானே கொடுத்தேன். அந்தக் கையோடு சாம்பிள் எடுத்ததும் நான்தான். கீழே கையெழுத்துப் போட்டு, மேலே டப்பாவை வைத்து நீட்டினாள்.

ஜெரால்டு வாசித்தான். திரும்பவும் வாசித்தான். “அக்கா, இத நான் கொண்டுபோனா என்ன ஆகும் தெரியுமா? வேலைக்காரன் செஞ்சான்னா ஆளை நீக்கிட்டா முடிஞ்சுது. முதலாளியே குடுத்திருக்கீங்கன்னா கம்பெனி வாங்குற லிஸ்ட்ல இருந்து பண்ணையவே தூக்கிருவாங்க. ரெண்டாவது சாம்பிள எடுக்க விடுவாங்களான்னே தெரியல.”

“ஏளா, கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?” வேல்ராஜ் முதல்தடவையாகக் குரலை உயர்த்தினான். “அவன்தான் போயிட்டான்லா. நூத்திப்பத்து நாளு! காக்கா அந்தா மேல சுத்துது. அந்தத் தாளக் கிழிச்சுப் போடு.”

“போயிட்டானா? நான்லா போகச் சொன்னேன்.”

“அதுக்கு?”

“அதுக்குத்தான் எழுதுனேன். நேத்து நின்னவங்க எல்லாரையும் கூப்பிடுங்க. ஜகந்நாதன் சாரையும் கூப்பிடுங்க.”

வேல்ராஜ் நகரவில்லை. செண்பகமே கரையில் ஏறி நின்று, பக்கத்துப் பண்ணைக்குக் கேட்கும்படி சார், சார் என்று கூப்பிட்டாள். அவர் சுண்ணாம்புக் கையோடு வந்தார். வலைக்காரர் இரண்டு பேரும் வந்தார்கள். பீடத்தில் சூடத்தை வைத்துக் கொளுத்திவிட்டு, எல்லோரும் பார்க்க வலது உள்ளங்கையை விரித்தாள்.

“மருந்து இந்தக் கையால வந்துச்சு. சிவனாண்டி மேல குத்தம் கிடையாது. சுடலை பாத்துக்கிட்டிரு.”

ஓங்கி அடித்தாள். சூடம் உடனே அணையவில்லை. கையை எடுக்காமல் அழுத்தினாள். தோல் கருகும் வாடை அடித்ததும் வேல்ராஜ்தான் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தான். அவன் முகத்தில் கோபம் போய்விட்டிருந்தது, பயம்தான் இருந்தது.

ஜெரால்டு தலையைச் சொறிந்தான். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். “சரி. நான் சாம்பிள எடுக்கேன். மேல உள்ளவங்ககிட்ட கெஞ்சிப் பாக்கேன். சொல்ல முடியாது, பாத்துக்கிடுங்க,” என்று கையுறையை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். அவன் எடுத்து முடிக்கும்வரை செண்பகம் பத்தடி தள்ளி, கை இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை போன் வரவில்லை. காலையில் இரண்டாம் குளத்துத் தட்டைத் தூக்கினால் தீவனம் கொஞ்சம் மிச்சம் கிடந்தது. நோய் வருவதற்கு முன்னால் இறால் தின்பதைத்தான் குறைக்கும். அது நோயா, முதல்நாள் அடித்த வெயிலா என்று சொல்ல ஒருத்தனுக்குத்தான் தெரியும். செண்பகம் பஸ் ஏறிக் கொற்கைக்குப் போனாள்.

சிவனாண்டி வாசலில் மொபெட்டைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். அவன் மனைவி அனுசியா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகம் கொடுக்காமல் உள்ளே போனாள்.

“நேத்தே கேள்விப்பட்டேன்க்கா. வலைக்காரப் பயலுவ போன்ல சொன்னானுவ.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லாலே?” என்றாள் செண்பகம். “கத்திட்டுப் போறா மூதின்னு நெனச்சு, சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க எங்க கேட்டீங்கக்கா? சூடத்தைல்லா கொளுத்துனீங்க.”

செண்பகம் தண்ணீரைக் குடித்தாள். தட்டில் தீவனம் மிச்சம் இருந்ததைச் சொன்னாள். எவ்வளவு, எந்த மூலைத் தட்டு, தண்ணி என்ன நிறம், என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான்.

“நோயில்ல. சூடு. மத்தியானத் தீவனத்தைப் பாதியாக் கொறைங்க, தண்ணிக்குக் காத்தடிக்கிற ஏரேட்டர நிறுத்தாதீங்க,” என்றான். பிறகு, “வெள்ளிக்கிழமை வலை இழுக்கிறதா இருந்தா சொல்லுங்க, வாரேன். நூத்திப்பத்து நாளு நானும்தான் தீவனம் போட்டேன்,” என்றான்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஜெரால்டு கூப்பிட்டான். செண்பகம் போனைக் காதில் வைக்கப் பயந்து வேல்ராஜிடம் நீட்டினாள். வேல்ராஜ், “ஆங்... ஆங்...” என்று கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான். சாம்பிள் சுத்தம். இந்த அறுவடையைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். ஆனால் இதோடு சரி, அடுத்த ஒரு வருஷத்துக்குப் பண்ணை லிஸ்டில் இல்லை. உண்மையை எழுதிக் கொடுத்ததால்தான் இந்த மட்டோடு விட்டார்கள் என்றான் ஜெரால்டு. அதே உண்மைக்காகத்தான் ஒரு வருஷம் தள்ளியும் வைத்திருந்தார்கள். அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முதலில் குளத்தைப் போய்ப் பார்த்தாள். இறால் துள்ளிக்கொண்டிருந்தது.

சிவனாண்டி சொன்னபடி வந்தான். புதுக் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று முதல் ஆளாக வலையைப் பிடித்தான். பத்து மணிக்குள் குளம் வற்றி, கடைசிக் கூடையும் ஐஸ் வண்டியில் ஏறியது. ஒரு இறாலில்கூட வெள்ளைப்புள்ளி இல்லை. வண்டி கரையைத் தாண்டிப் போனதும் செண்பகம் அவனுக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். தின்று முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

“திங்கக்கிழமையில இருந்து எப்பவும்போல வந்திரு. மூணாம் குளத்துக் குஞ்சை உன்னைய விட்டா யாரு பாப்பா?”

சிவனாண்டி கையைக் கழுவிவிட்டுத் துண்டில் துடைத்தான்.

“ஜகந்நாதன் சார் கூப்பிட்டிருக்காருக்கா. குளத்தைக் காயப்போட்டுப் புதுசா ஆரம்பிக்கணுமாம், மேஸ்திரியா வான்னு சொல்லுதாரு. நீங்க சூடத்த அணைச்சத நேர்ல பாத்தவருல்லா. இவன நம்பிக் குளத்தையே குடுக்கலாம்னு சொன்னாராம்.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நீங்க எழுதிக் குடுத்ததாலதான் இந்த வேலை. அத நான் மறக்க மாட்டேன். ஆனா இனிமே இங்கன என்னால முடியாதுக்கா. அந்தப் பீடத்தைப் பாத்தா எனக்கு அன்னைக்கு இருந்த உங்க மூஞ்சி ஞாபகம் வருது.”

இன்னும் ஒரு நாள் யோசி என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் சாப்பாட்டுத் தூக்கை மொபெட்டில் மாட்டினான். ஏறி உட்கார்ந்தவன் திரும்பி அவள் வலது கையைப் பார்த்தான்.

“கை எப்படி இருக்கு?”

விரித்துக் காட்டினாள். கொப்புளம் உடைந்து, உள்ளங்கை நடுவில் ரோஸ் நிறத்தில் சதை தெரிந்தது.

“என்ன போட்டீங்க?”

“ஒண்ணும் போடலலே.”

“போடாதீங்க. தானா ஆறட்டும்,” என்றான். வண்டியைக் கிளப்பி, பக்கத்துப் பண்ணைக் கரையில் ஏறிப் போனான்.

வற்றிய குளத்தில் சேறு மினுங்கியது. மேலே கட்டிய வலையை வேல்ராஜ் ஒரு பக்கமாக அவிழ்த்துவிட்டிருந்தான். நாலைந்து காக்கைகள் இறங்கி, சேற்றில் விடுபட்ட இறாலைக் கொத்த ஆரம்பித்தன. செண்பகம் கையை விரித்தபடியே கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றைத் திட்டவில்லை.